திரும்பி வந்த ஸ்லைம்

அந்த வாரத்தில் அது நான்காவது ஸ்லைம். சோபாக்காரர் முழங்காலிட்டு உட்கார்ந்து, பல் டாக்டர் வீட்டுச் சாம்பல் நிற சோபாவை முறைத்துக்கொண்டிருந்தார்.

சோபா, கார்ப்பெட், மெத்தை, கார் சீட் என்று துணி போர்த்திய எதையும் வீட்டுக்கே வந்து கழுவித் தருவது அவர் தொழில். கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் போனில் ‘சோபாக்காரர்’ என்றுதான் பதிந்து வைத்திருந்தார்கள். நாளாவட்டத்தில், கோபம் வந்தால் மனைவியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். பதினோரு வருஷத்தில் அவர் பார்க்காத கறை கிடையாது. காபி, மை, ரத்தம், நாய் செய்தது, குழந்தை செய்தது எல்லாம் பார்த்தாயிற்று. எதன் மேலும் அவருக்குக் கோபம் வந்ததில்லை. அவையெல்லாம் கை தவறி நடப்பவை. ஸ்லைம் அப்படியா? பெற்றவர்களே வேலை மெனக்கெட்டுக் கிண்ணமும் கரண்டியும் எடுத்து, பசையைக் கரைத்து, சாயம் ஊற்றி, இழுத்தால் நீளும் அந்தக் கொழகொழப்பைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, மறுநாள் இவருக்குப் போன் போடுவார்கள். அதை நினைத்தால்தான் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“போன சனிக்கிழமைதானே வந்து எடுத்தீங்க? நேத்து உக்கார்ந்தா புடவையோட ஒட்டுது” என்றார் பல் டாக்டரம்மா.

சோபாக்காரர் விரலால் தொட்டுப் பார்த்தார். உண்மைதான். வெளுத்துப்போன ஜவ்வு மாதிரி ஏதோ துணியோடு துணியாகப் படிந்திருந்தது. தொட்டால் விரலை விட மாட்டேன் என்றது.

“மேடம், நான் எடுத்தா எடுத்ததுதான். இது புதுசு.”

“நான் போடலை” என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. டாக்டரம்மாவின் மகள். ஏழு வயதிருக்கும். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்திருந்ததால் பேச்சில் பாதி காற்றாக வெளியே போனது. “நெஜமா போடலை. அன்னைக்கு அப்புறம் நான் ஸ்லைமை இந்த ரூமுக்கே கொண்டாரலை.”

“அப்படியா? அப்ப அதுக்குக் கால் முளைச்சு, அதுவா நடந்து வந்து சோபாவுல உக்கார்ந்துகிச்சா?” என்றார் சோபாக்காரர்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நேராக மகளின் அறைக்குள் போனார். மூடி போட்ட மூன்று டப்பாக்களோடு திரும்பி வந்தார். ஊதா, மஞ்சள், மினுமினுப்புத் தூள் போட்ட பச்சை. மூன்றும் அவள் கண்ணெதிரேயே குப்பைக்கூடைக்குள் போயின. “போட்டதுகூடப் பரவாயில்ல. பொய் சொல்ற பாரு, அதுதான்” என்றார் டாக்டரம்மா. சிறுமி கூடையை எட்டிப் பார்த்தாள். அழுதுகொண்டே ஓடிவிட்டாள்.

சோபாக்காரருக்கு உண்மையைச் சொன்னால் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் வினிகரைக் கலந்து தெளித்தார். ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, கரண்டியின் முதுகால் வழித்தார். பிறகு வழக்கம்போல ஷாம்பூ போட்டு, நுரையை மெஷினால் உறிஞ்சி எடுத்துவிட்டுக் கிளம்பினார். ‘திரும்ப ஒட்டுது’ என்று கூப்பிடுகிற வீடு இது முதலாவது இல்லை. ஆறேழு மாதமாக அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அவர் இதையேதான் சொன்னார்: இது புதுசு.

மதியம் வீட்டுக்குள் நுழையும்போதே சமையலறை மேஜைமேல் வெள்ளைப் பசை பாட்டிலும், சோடா உப்பும், கண்ணில் போடும் லென்ஸைக் கழுவுகிற தண்ணீரும் வரிசையாக நின்றன.

“இது என்ன?”

மனைவி நர்ஸ் சீருடையில், ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் செருப்புமாக நின்றுகொண்டிருந்தாள். மதிய டியூட்டிக்கு நேரமாகிவிட்டிருந்தது. பதிலாக ஒரு காகிதத்தை நீட்டினாள். ஐந்து வயது மகளின் பள்ளியிலிருந்து வந்தது. ‘அன்புள்ள பெற்றோரே! செய்து பார்த்துக் கற்கும் அறிவியலின் பகுதியாக, இந்த வார இறுதியில் உங்கள் குழந்தையுடன் சேர்ந்து வீட்டிலேயே ஸ்லைம் செய்யுங்கள். திங்கட்கிழமை ஒரு மூடிபோட்ட டப்பாவில் கொடுத்தனுப்பவும். செய்யும்போது தான் கண்டுபிடித்த ஒன்றைக் குழந்தை தன் வாயாலேயே வகுப்பில் சொல்ல வேண்டும்.’

“உலகத்துல வேற அறிவியலே இல்லையா இவங்களுக்கு? ஒரு விதை போடச் சொல்லலாம். ஒரு காந்தத்தைக் குடுக்கலாம்.”

“மிஸ்கிட்ட கேளுங்க. நான் டியூட்டிக்குப் போறேன்.”

“நாளைக்கு நீயே செஞ்சிரேன்.”

“நாளைக்கும் டியூட்டி. வாரம் முழுக்க ஊர்ல இருக்கிற ஸ்லைம் எல்லாத்தையும் நீங்கதான் தொடுறீங்க. உங்களைவிட யாருக்குத் தெரியும்?” என்று சொல்லிவிட்டு மறு ஷூவையும் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மகளுக்கு வீட்டில் ‘வாலு’ என்று பெயர். அவள் ஏற்கெனவே முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுத் தயாராக நின்றாள்.

சோபாக்காரர் தன் வீட்டில் ஒரு நூலிழைக்குக்கூட ஆபத்து வர விடுகிறவர் இல்லை. வேனிலிருந்து பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து வந்து மேஜைக்கு அடியில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டினார். கூடத்துக்குப் போகும் கதவைச் சாத்தினார். வாலுவுக்கு மழைக்கோட்டைப் போட்டு, தலைமுடியை உச்சியில் இழுத்துக் கட்டி, அதன்மேல் குளிக்கும்போது போடும் தொப்பியையும் மாட்டினார்.

“அப்பா, வேர்க்குது.”

“வேர்க்கட்டும்.”

பசையைக் கிண்ணத்தில் ஊற்றினார்கள். சோடா உப்பு அரைக் கரண்டி. லென்ஸ் தண்ணீர் இரண்டு கரண்டி. வாலு கலக்கினாள், கலக்கினாள், கை வலிக்கும்வரை கலக்கினாள். பசை பசையாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் லென்ஸ் தண்ணீர். இன்னும் கொஞ்சம். அரை பாட்டில் காலியானதும் பால் மாதிரி ஆகிவிட்டது. எந்தச் சோபாவில் விழுந்தாலும் மறு நிமிஷம் இறுகிப் பிடிக்கிற சனியன், வேண்டும் என்று செய்தால் ஆக மாட்டேன் என்கிறதே என்று அவருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

“ஏன்ப்பா ஆகலை?”

“எனக்கென்ன தெரியும்?”

“உங்களுக்குத்தான் தெரியும்னு அம்மா சொன்னாங்களே.”

மழைக்கோட்டைக் கழற்றி, தொப்பியைக் கழற்றி, அவளை இழுத்துக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போனார். மருந்துக்கடைக்காரர் அவர் நீட்டிய லென்ஸ் தண்ணீர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில் சிரித்தார். “ஸ்லைமா? காலையில இருந்து நீங்க ஆறாவது ஆள். இது வெறும் உப்புத்தண்ணி சார். போரிக் ஆசிட் கலந்ததுன்னு எழுதியிருக்கணும். அதுதான் பசையைப் பிடிச்சுக் கட்டும். அதுவும் சோடா இருந்தாத்தான்.” அலமாரியில் கடைசியாக இருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். “பாப்பா, வாயில வச்சிராத. விளையாடிட்டுக் கையைக் கழுவணும், என்ன?”

திரும்பவும் மழைக்கோட்டு, திரும்பவும் தொப்பி. இந்தத் தடவை இரண்டாவது கரண்டி விழும்போதே பசை கரண்டியைச் சுற்றிக் கயிறு கயிறாகத் திரண்டது. வாலு கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கிண்ணத்திலிருந்து அள்ளினாள். முதலில் பத்து விரலிலும் ஒட்டியது. பிசையப் பிசைய ஒட்டுவது நின்றது. இரண்டு கையாலும் இழுத்தாள். கை எட்டும் தூரம்வரை நீண்டு, நடுவில் திரை மாதிரி மெலிந்து, ஜன்னல் வெளிச்சம் அதனூடே தெரிந்தது. சட்டென்று வெடுக்கென இழுத்தபோது பட்டென்று அறுந்தது.

“மெதுவா இழுத்தா வருது. வேகமா இழுத்தா கோவிச்சுக்குது” என்றாள்.

“சரி, அதையே மிஸ்கிட்ட சொல்லு. டப்பாவுல போடு. முடிஞ்சுது.”

முடியவில்லை. டப்பாவை எடுக்க அவர் திரும்பிய அந்த அரை நிமிஷத்தில், அது எவ்வளவு தூரம் தொங்கும் என்று பார்க்க வாலு நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தாள். தொங்கிய ஸ்லைம் அவளுடைய காலுறையைத் தொட்டு, அங்கிருந்து நாற்காலியின் துணி மெத்தைக்கு இறங்கியது. பதறிப்போய் அவள் அதைக் காலால் தேய்த்தாள்.

“தேய்க்காதே! தேய்க்காதேன்னு எத்தனை தடவை… நான் ஒருத்தன் ஊருக்கெல்லாம் சொல்லிட்டு வர்றேன், என் வீட்டுலேயே பாரு!” வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வேனுக்கு ஓடி, வினிகர் பாட்டிலோடு வந்தார். மெத்தையைக் கவனித்தார். காலுறையை உருவி, ஒட்டியிருந்த கட்டியோடு ஒரு கிண்ணத்தில் போட்டு, வினிகரை மேலே ஊற்றினார்.

வாலு கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, கரைந்து, கலங்கலான பாலாக ஆகிக்கொண்டிருந்தது.

“அப்பா, அது செத்துப்போச்சா?”

“கரைஞ்சு போச்சு. ஒழிஞ்சுது.”

“எங்க போச்சு?”

“எங்கேயும் போகலை, இந்தத் தண்ணிக்குள்ளதான் இருக்கு. காலுறையை அலசப் போறேன். சும்மா இரு.”

அவர் காலுறையோடு குழாயடிக்குப் போனார். சும்மா இருக்கிற ஜென்மமா அது? பின்னால் புஸ்ஸென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கிண்ணம் நுரைத்துப் பொங்கிப் பிளாஸ்டிக் விரிப்புமேல் வழிந்துகொண்டிருந்தது. வாலு சோடா உப்பை டப்பாவோடு கவிழ்த்திருந்தாள்.

“என்ன காரியம் பண்ணித் தொலைச்சே!”

“அதுக்கு மருந்து போட்டேன்” என்று சொல்லிவிட்டு, அவர் வருவதற்குள் கரண்டியால் நாலு சுற்றுச் சுற்றினாள். நுரை அடங்கியது. கரண்டியைத் தூக்கினாள். கரண்டியோடு கூடவே வழவழவென்று, முன்னைவிடத் தளர்ந்து, ஆனால் சந்தேகமே இல்லாமல், ஸ்லைம் எழுந்து வந்தது.

“பாருங்க! திரும்பி வந்திருச்சு!”

சோபாக்காரர் திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடவில்லை. கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கினார். தூக்கிப் பார்த்தார். மறுபடி வினிகரை ஊற்றினார், பாலானது. மறுபடி சோடா உப்பு. பொங்கி, அடங்கி, திரண்டது. இதைப் பதினோரு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கரைந்தால் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தார்.

நேராக வேனுக்குப் போனார். ஆறேழு மாதத்துக்கு முன்னால் புதிதாக மாற்றியிருந்த கார்ப்பெட் ஷாம்பூ டின்னை எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். மூன்றாவது வரியிலேயே இருந்தது: சோடா.

அங்கேயே, வேனின் பின்கதவில், ஷாம்பூவைச் சோதித்துப் பார்க்க வைத்திருந்த பழைய மெத்தைத்துண்டில் வாலுவின் ஸ்லைமைத் தேய்த்தார். வினிகர், ஐந்து நிமிஷம், கரண்டி முதுகு, ஷாம்பூ, மெஷின். எப்படிச் செய்வாரோ அப்படியே செய்து வெயிலில் வைத்தார். வாலு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ‘காஞ்சிருச்சா, காஞ்சிருச்சா’ என்று உயிரை வாங்கினாள். காய்ந்ததும் அவர் விரலால் தொட்டார். வெளுத்த ஜவ்வு. விரலை விட மாட்டேன் என்றது.

துணிக்குள் கரைந்து ஒளிந்திருந்த பசையை அவருடைய ஷாம்பூவே மறுபடி கட்டி எழுப்பியிருக்கிறது. பல் டாக்டர் வீட்டுச் சோபாவில் யாரும் எதையும் போடவில்லை.

“அப்பா, ஏன் அழுக்கு மெத்தையை முறைக்கிறீங்க?”

“உள்ளே போ.”

“நான் என்ன பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணலை” என்றார். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே அவர் முகம் சுருங்கிப்போனது.

மறுநாள் ஞாயிறு. மனைவி டியூட்டிக்குப் போய்விட்டதால் வாலுவையும் வேனில் ஏற்றிக்கொண்டு டாக்டரம்மா வீட்டு மணியை அடித்தார். கதவைத் திறந்தவர், “காயறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்களே. ஆனா பாருங்க, ஓரத்துல லேசா இப்பவும்…” என்று ஆரம்பித்தார்.

“ஒட்டும் மேடம். நேத்து நான் செஞ்சதுக்கு இன்னைக்கு ஒட்டத்தான் செய்யும்.” நடந்ததையெல்லாம் சொன்னார். வினிகர் கரைப்பது, சோடா திரும்பக் கட்டுவது, டின்னில் படித்தது, வெயிலில் காயவைத்தது. “உங்க பொண்ணு சொன்னது நெஜம். தப்பு என்னோடது.”

டாக்டரம்மா சோபாவைத் திரும்பிப் பார்த்தார். காது நுனி வரை சிவந்தது. பிறகு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். சிறுமி வந்து அம்மாவின் பின்னால் நிற்காமல் தனியாக நின்றாள்.

“பாப்பா, நேத்து உன்னைக் கிண்டல் பண்ணேன். நீ போடலை. எனக்கு இப்பதான் தெரிஞ்சுது. மன்னிச்சுக்கோம்மா.”

“நான் அப்பவே சொன்னேன்” என்றாள்.

“சொன்னே.”

“ரெண்டு தடவை சொன்னேன்.”

“ஆமா.”

“அம்மாகிட்டயும் சொல்லுங்க.”

“சொல்லிட்டேன்.”

“எனக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க.”

சோபாக்காரர் டாக்டரம்மாவைப் பார்த்து, நின்ற இடத்திலேயே, மறுபடி முதலிலிருந்து சொன்னார். டாக்டரம்மா மகளின் தோளைத் தொடப் போனார். மகள் ஒரு அடி நகர்ந்துகொண்டாள். மூன்று டப்பாவையும் குப்பை வண்டி காலையிலேயே அள்ளிக்கொண்டு போயிருந்தது.

அவர் சோபாவை முதலிலிருந்து ஆரம்பித்தார். வினிகர் தெளித்து, ஷாம்பூ பக்கமே போகாமல், வெறும் தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஊற்றி உறிஞ்சினார். மெஷின் தொட்டியில் விழுந்த தண்ணீர் முதலில் பால் நிறத்தில் இருந்தது. ஒன்பதாவது தடவைதான் தெளிந்தது. இதை முதல் நாளே செய்திருந்தால் அரை மணி நேரம்தான் கூடியிருக்கும். அவர் நேரம் மிச்சம் பிடித்த அழகு அது. சமையலறையிலிருந்து வாலுவின் குரல் விடாமல் வந்துகொண்டிருந்தது. தான் கொண்டுவந்த டப்பாவைத் திறந்து, மெதுவாக இழுத்தால் எப்படி, வேகமாக இழுத்தால் எப்படி என்று அந்தப் பல் விழுந்தவளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளோ, “அது எனக்கு எப்பவோ தெரியும். வினிகரைக் காட்டு” என்றாள்.

வேனில் ஏறியதும் அவர் வண்டியைக் கிளப்பவில்லை. போனை எடுத்து, ‘திரும்ப ஒட்டுது’ என்று கூப்பிட்ட வீடுகளை ஒவ்வொன்றாகத் தேடினார். ஐந்து வீடு. முதல் நான்கு வீட்டிலும் அவர் நடந்ததைச் சொல்ல, கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் திட்டினார், ஒருவர் எப்போது வந்து சரி செய்வீர்கள் என்று மட்டும் கேட்டார். ஐந்தாவது வீட்டுக்காரர், ஒரு பஸ் டிரைவர், சிரித்தார்.

“அட, அதை விடுங்க சார். அது எங்க பையன் வேலைதான். அவனே ஒத்துக்கிட்டான்.”

“ஒத்துக்கிட்டானா?”

“முதல்ல இல்லைன்னுதான் சாதிச்சான். அப்புறம் ஒத்துக்கிட்டான்.”

சோபாக்காரர் போனை மறு காதுக்கு மாற்றினார். “சார், பையன் இருந்தா ஒரு நிமிஷம் குடுங்களேன்.”

போன் கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

“தம்பி, நான் சோபா கழுவ வந்தேனே, அந்த மாமா. அந்த ஸ்லைமை நீ ரெண்டாவது தடவை போடலை. என் மருந்தாலதான் அது திரும்ப வந்துச்சு. நீ போடலைன்னு எனக்குத் தெரியும்.”

“எனக்கும் தெரியும்” என்றான் பையன்.

“அப்புறம் ஏன்ப்பா போட்டேன்னு சொன்னே?”

“அப்பதான் விட்டாங்க.”

போனை அவன் அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி, அந்த முழுக் கதையையும், இந்தத் தடவை ஒரு வார்த்தை குறைக்காமல், சொன்னார். பஸ் டிரைவரின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. “சரிங்க” என்றார் கடைசியில். “நான் அவன்கிட்ட பேசிக்கிறேன். நீங்க வையுங்க.”

போனை வைத்த பிறகும் சோபாக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஸ்லைம்மேல் கோபம், ஷாம்பூ கம்பெனிக்காரன்மேல் கோபம், பள்ளிக்கூடக் காகிதத்தின்மேல் கோபம். எல்லாவற்றையும் சுற்றிவிட்டு அது தன்மேலேயே வந்து நின்றது.

“அப்பா, போலாமா? எனக்கு ஒண்ணுக்கு வருது” என்றாள் வாலு.

திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளி வாசலில் அவளைக் கூட்டிக்கொள்ளப் போனபோது அவருக்கு உள்ளூர உதைத்தது. வகுப்பு முழுக்க, மிஸ் உட்பட, தன் பெருமையைக் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தே நின்றார். வாலு வெளியே வந்தாள். பையின் ஓரத்திலிருந்து ஏதோ நீளமாகத் தொங்கியது. டப்பாவின் மூடி திறந்திருந்தது.

“என்ன சொன்னே வகுப்புல?”

“வினிகர் ஊத்தினா கரையும், சோடா போட்டா திரும்ப வரும்னு சொன்னேன். மிஸ் செஞ்சு பார்த்தாங்க. வந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“அப்பா தப்பு பண்ணது, டாக்டர் வீட்டுக்குப் போனது, அதெல்லாம்…?”

வாலு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அதை எதுக்கு அவங்ககிட்ட சொல்லணும்? அதான் நீங்களே போய்ச் சொல்லிட்டீங்கள்ல?”

அவர் பையை வாங்கினார். உள்ளே நோட்டுப் புத்தகம், பென்சில் டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரே ஜவ்வாக ஒட்டிக்கொண்டிருந்தன. வழக்கமான கூச்சல் தொண்டைவரை வந்தது.

“இதை யார் திறந்தது?” என்று ஆரம்பித்தவர், நிறுத்தி, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, “மூடி எப்படித் திறந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாது.”

“சரி” என்றார் சோபாக்காரர். பையைத் தூக்கி வேனின் பின்பக்கம் வைத்துக் கதவைச் சாத்தினார்.